வட அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் பூர்வகுடிப் பெண்கள் யாரையாவது தெரியுமா என்று கேட்டால், பெரும்பாலோர் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள்: போகஹொண்டாஸ், சகாகவியா. இருவரும் வெள்ளையருக்கு உதவியவர்களாகவே நினைவில் நிற்கிறார்கள். தங்கள் சொந்த மக்களின் நிலத்துக்காகவும் உடல்நலத்துக்காகவும் உரிமைக்காகவும் வாழ்நாளைக் கொடுத்த பெண்களின் பெயர்கள் நம் காதுவரை வந்து சேரவில்லை. அந்தக் குறை என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. தெரிந்த இருவரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர்களையும் நாம் சரியாக அறிந்திருக்கவில்லை.

'செவ்விந்தியர்' என்று எழுதலாமா?

வேண்டாம். இந்தியாவை அடைந்துவிட்டதாக 1492-ல் கொலம்பஸ் நம்பியதால் விழுந்த பெயர் 'இந்தியர்'. அதன் தலையில் தோலின் நிறத்தையும் சேர்த்து ஒட்டியது பின்னால் வந்தவர்களின் வேலை. தமிழில் பழைய மொழிபெயர்ப்புகளும் சிறுவர் கதைகளும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன. அமெரிக்காவின் சட்டங்களிலும், பூர்வகுடிகளே நடத்தும் சில அமைப்புகளின் பெயர்களிலும் 'இந்தியர்' என்ற சொல் இன்றும் இருக்கிறது. நிறத்தைச் சொல்லி அழைப்பது மட்டும் அவர்களுக்கு வசை.

பொதுவாகச் சொல்லும்போது 'பூர்வகுடி' போதும். அதைவிட நல்லது அவரவர் இனத்தின் பெயரைச் சொல்வது. அமெரிக்க அரசு மட்டும் 570-க்கும் மேற்பட்ட பூர்வகுடி இனங்களை அங்கீகரித்திருக்கிறது. கனடாவில் 600-க்கும் மேற்பட்ட முதற்குடிச் சமூகங்களும், அவற்றோடு வடதுருவப் பகுதியின் இனுவிட் மக்களும், பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த மரபினரான மேட்டி மக்களும் இருக்கிறார்கள். மொழியும் உறவுமுறையும் வழிபாடும் ஒன்றுக்கொன்று வேறு. அதனால் கீழே ஒவ்வொருவரையும் அவருடைய இனத்தின் பெயரோடு சேர்த்தே சொல்கிறேன்.

போகஹொண்டாஸ், ஜான் ஸ்மித்தைக் காதலித்துக் காப்பாற்றினாரா?

காதல் என்பது பிற்காலக் கற்பனை. 1607-ல் ஆங்கிலேயர்கள் வர்ஜீனியாவில் வந்து இறங்கியபோது அவருக்குப் பதினொரு வயது இருக்கலாம். ஸ்மித் இருபத்தேழு வயது முரட்டுச் சிப்பாய். தன் தலை வெட்டப்பட இருந்த நேரத்தில் அந்தச் சிறுமி குறுக்கே பாய்ந்தாள் என்ற கதை, 1608-ல் அச்சான ஸ்மித்தின் முதல் குறிப்பில் இல்லை. 1624-ல் அவர் வெளியிட்ட நூலில்தான் அந்தக் காட்சி விரிவாக வருகிறது. அதற்குள் போகஹொண்டாஸ் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. மறுத்துச் சொல்ல அவர் இல்லை.

'போகஹொண்டாஸ்' என்பதே துறுதுறுப்பான குழந்தைக்கு வைத்த செல்லப்பெயர். அவருடைய இயற்பெயர்கள் அமோனுட்டே, மட்டோவக்கா. முப்பது அளவிலான குடிகளுக்குத் தலைவராக இருந்த பவ்ஹாட்டனின் மகள். 1613-ல் ஆங்கிலேயர்கள் அவரைத் தந்திரமாகக் கப்பலில் ஏற்றிப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். சிறையிருப்பில் மதம் மாறி 'ரெபெக்கா' ஆனார். 1614-ல் புகையிலை பயிரிட்டுவந்த ஜான் ரால்ஃபை மணந்தார். ஓர் ஆண் குழந்தை பிறந்தது. 1616-ல் அந்தக் குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா நிறுவனம் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்று, பணம் போடக்கூடியவர்கள் முன்னால் காட்சிக்கு நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஊர் திரும்பும் வழியில் இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்டில் நோயுற்று இறந்தார். வயது ஏறத்தாழ இருபத்தொன்று. அவர் புதைக்கப்பட்ட தேவாலயம் பிறகு தீயில் அழிந்துபோனதால் கல்லறை எங்கே என்பதுகூடத் தெரியவில்லை. கடத்தப்பட்டு, வேற்று நாட்டில் இறந்த ஓர் இளம்பெண்ணின் வாழ்க்கையைக் காதல் கதையாக்கியது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

லூயிஸ், கிளார்க் பயணத்துக்குச் சகாகவியாதான் வழிகாட்டினாரா?

மேற்கே பசிபிக் கடற்கரைவரை நிலத்தை ஆராய அமெரிக்க அரசு அனுப்பிய குழுவின் தலைவர்கள் லூயிஸும் கிளார்க்கும். அவர்களுக்கு முழு வழியையும் சகாகவியா காட்டவில்லை. அவர் செய்தது அதைவிடக் கடினமான வேலை.

லெம்ஹி ஷோஷோனி இனத்தவர். பன்னிரண்டு வயதளவில் ஹிடாட்ஸா வீரர்கள் அவரைச் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். அங்கே துசான் ஷார்பனோ என்ற பிரெஞ்சுக் கனடிய வணிகரின் கைக்கு அவர் போனார். அந்த மனிதர் அவரை மனைவி என்று சொல்லிக்கொண்டார். 1804-ன் குளிர்காலத்தில் லூயிஸும் கிளார்க்கும் அங்கே முகாமிட்டபோது ஷார்பனோவை மொழிபெயர்ப்பாளராக அமர்த்தினார்கள். உண்மையில் அவர்களுக்குத் தேவைப்பட்டது ஷோஷோனி மொழி தெரிந்த சகாகவியா. 1805 பிப்ரவரி 11 அன்று அவருக்குக் குழந்தை பிறந்தது. இரண்டே மாதத்தில், கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். அப்போது அவருக்குப் பதினாறு அல்லது பதினேழு வயது.

மே மாதத்தில் ஒருநாள் படகு காற்றில் சாய்ந்து நீர் ஏறியது. ஷார்பனோ நிலைகுலைந்து கத்திக்கொண்டிருக்க, மிதந்து போன பொருள்களை அமைதியாக ஒவ்வொன்றாக எட்டி எடுத்தவர் சகாகவியா. ஆகஸ்டில் ராக்கி மலையடிவாரத்தில் ஷோஷோனிகளைச் சந்தித்தார்கள். மலையைக் கடக்கக் குதிரைகள் வேண்டும். பேச்சு நான்கு மொழிகளைத் தாண்டியது: அவர் ஷோஷோனியிலிருந்து ஹிடாட்ஸாவுக்கு மாற்ற, கணவர் அதைப் பிரெஞ்சுக்கு மாற்ற, குழுவிலிருந்த இன்னொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றினார். மொழிபெயர்க்க உட்கார்ந்தவர், எதிரே இருந்த தலைவர் தன் அண்ணன் கமேயாவெய்ட் என்று கண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு மீண்டும் வந்து அமர்ந்து வேலையைத் தொடர்ந்தார். குதிரைகள் கிடைத்தன.

கையில் குழந்தையோடு ஒரு பெண் கூட இருந்ததால், அவர்கள் போருக்கு வரவில்லை என்று வழியிலிருந்த குடிகள் நம்பின. கிளார்க்கே தன் குறிப்பேட்டில் இதை எழுதிவைத்திருக்கிறார். திரும்பும்போது போஸ்மன் கணவாய் வழியைக் கிளார்க்குக்குச் சொன்னவரும் அவர்தான். கடற்கரையில் திமிங்கலம் ஒதுங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பெருநீரைப் பார்க்காமல் போவதா என்று வாதாடி உடன் போனார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பயணம் முடிந்ததும் ஷார்பனோவுக்கு 500 டாலர் கூலியும் 320 ஏக்கர் நிலமும் கிடைத்தன. சகாகவியாவுக்கு ஒன்றும் இல்லை. 1812-ல் மிசௌரி ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றில் காய்ச்சலில் இறந்தார் என்பது எழுத்துப் பதிவு. தங்களிடம் திரும்பி வந்து முதுமைவரை வாழ்ந்தார் என்பது ஷோஷோனிகள் பலர் சொல்லிவரும் வாய்மொழி வரலாறு.

ஐரோப்பியர் வருவதற்கு முன் இந்தச் சமூகங்களில் பெண்களுக்கு அதிகாரம் இருந்ததா?

எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இல்லை. இருந்த இடங்களில் நாம் வியக்கும் அளவுக்கு இருந்தது. ஹோடினோஷோனி கூட்டமைப்பில் (மோஹாக், செனெகா முதலிய குடிகளின் கூட்டு) குலத்தாய்மார்கள்தான் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் வழிதவறினால் பதவியிலிருந்து இறக்கும் உரிமையும் அவர்களுக்கே. வீடும் விளைநிலமும் தாய்வழியில் வந்தன. அந்த முறை இன்றும் உயிரோடிருக்கிறது. அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமைக்குக் குரல்கொடுத்த மட்டில்டா கேஜ், எலிசபெத் ஸ்டான்டன் போன்றவர்கள் இதை அருகிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். அன்று மணமான வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தன் சொத்தும் குழந்தையும்கூடச் சட்டப்படி தன்னுடையவை அல்ல.

செரோக்கிகளும் தாய்வழிச் சமூகத்தார். அங்கே நான்யேஹி என்ற பெண், 1755-ல் கணவர் போர்க்களத்தில் விழுந்தபோது அவருடைய துப்பாக்கியை எடுத்துப் போரிட்டு, 'அன்புக்குரிய பெண்' என்ற உயரிய பதவியைப் பெற்றார். சிறைபிடிக்கப்பட்டவரின் உயிரைக் காக்கும் அதிகாரம் அந்தப் பதவிக்கு உண்டு. நான்ஸி வார்டு என்று ஆங்கிலேயர்கள் அழைத்தது இவரைத்தான். 1781-ல் அமெரிக்கத் தூதர்களுடன் நடந்த சமாதானப் பேச்சில் எழுந்து பேசினார்: நாங்கள் உங்கள் தாய்மார்கள், நீங்கள் எங்கள் பிள்ளைகள், இந்தச் சமாதானத்தை உங்கள் பெண்களும் கேட்கட்டும் என்பது அவர் பேச்சின் சாரம். எதிர்ப்பக்கத்தில் கேட்க ஒரு பெண்கூட இல்லை.

1817-ல் தள்ளாத வயதில் அவரும் மற்ற செரோக்கிப் பெண்களும் தங்கள் சபைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள்: இனி ஒரு துண்டு நிலத்தையும் விற்காதீர்கள். அவர் இறந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1838-ல், அமெரிக்கப் படை செரோக்கிகளை வீடுகளிலிருந்து விரட்டி மேற்கே நடத்தியது. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது.

போரிட்ட பெண்கள் வேறு யாரும் உண்டா?

உண்டு. 1876 ஜூன் 17 அன்று ரோஸ்பட் ஆற்றங்கரையில் அமெரிக்கப் படையோடு நடந்த சண்டையில் ஷயான் இனத்தின் 'பஃபலோ காஃப் ரோடு' என்ற பெண், குண்டுகளுக்கு நடுவே குதிரையை ஓட்டிப்போய், விழுந்து கிடந்த அண்ணனைத் தூக்கி வந்தார். அமெரிக்க வரலாற்றில் அந்தச் சண்டைக்கு ஆற்றின் பெயர். ஷயான்களுக்கு அது 'தங்கை அண்ணனைக் காப்பாற்றிய இடம்'. அப்பாச்சித் தலைவர் விக்டோரியோவின் தங்கை லோஸன் அண்ணனுக்கு நிகரான வீரராக மதிக்கப்பட்டவர். கடைசியில் இன்னொரு அப்பாச்சித் தலைவரான ஜெரோனிமோவின் குழுவோடு சரணடைந்து, அலபாமாவில் போர்க்கைதியாக நோயில் இறந்தார்.

அமெரிக்காவின் முதல் பூர்வகுடிப் பெண் மருத்துவர் யார்?

ஓமாஹா இனத்தின் சூசன் லா ஃப்ளெஷ் பிகாட். பிறப்பு 1865. சிறுமியாக இருந்தபோது, நோயுற்ற ஒரு கிழவியின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். அரசு மருத்துவருக்கு நான்கு முறை ஆள் அனுப்பியும் அவர் வரவில்லை. விடியுமுன் கிழவி இறந்துபோனாள். செத்தது ஓர் இந்தியர்தானே என்பதுதான் அந்த மருத்துவரின் கணக்கு என்று சூசன் புரிந்துகொண்டார். அந்த இரவு அவரை விடவே இல்லை.

பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1889-ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். இந்தியாவிலிருந்து போன ஆனந்திபாய் ஜோஷி அதே கல்லூரியில் 1886-ல் பட்டம் பெற்றவர் என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அவர் பட்டம் பெற்றுப் போன அதே ஆண்டில்தான் சூசன் உள்ளே வந்தார்.

நகரத்தில் தொழில் நடத்தியிருக்கலாம். அவர் நெப்ராஸ்காவுக்குத் திரும்பினார். 1,350 சதுர மைல் பரப்பு, 1,200-க்கும் மேற்பட்ட மக்கள், ஒரே மருத்துவர், ஆண்டுக்கு 500 டாலர் சம்பளம். சாலை கிடையாது. உறைபனியில் குதிரைவண்டியில் போய் வைத்தியம் பார்த்தார். மருந்து கொடுத்ததோடு கடிதம் எழுதிக்கொடுத்தார், நிலப் பத்திரம் படித்துச் சொன்னார், சமைத்தும் போட்டார். காசநோய் பரவாமலிருக்க, எல்லாரும் ஒரே குவளையில் நீர் குடிப்பதை நிறுத்தச் சொன்னார். ஈ வராமல் சன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னார். சாராயத்தை எதிர்த்துப் போராடினார். அவருடைய கணவரே அந்தப் பழக்கத்தாலும் காசநோயாலும் 1905-ல் இறந்தார். 1910-ல் வாஷிங்டனுக்குப் போய், ஓமாஹாக்கள் தங்கள் நிலத்தைத் தாங்களே ஆள வேண்டும் என்று அதிகாரிகளிடம் வாதாடினார்.

அவர் கனவு கண்ட மருத்துவமனை 1913-ல் வால்ட்ஹில் ஊரில் திறக்கப்பட்டது. அரசுப் பணத்தில் கட்டியதல்ல. அவர் திரட்டிய நன்கொடையில் கட்டியது. இரண்டே ஆண்டில், 1915-ல், எலும்புப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

பூர்வகுடிப் பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதியது எப்போது?

வட பையூட் இனத்தின் சாரா வின்னமக்கா 1883-ல் வெளியிட்ட தன்வரலாறு, அமெரிக்கப் பூர்வகுடிப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி அச்சான முதல் நூலாகக் கருதப்படுகிறது. அவருடைய வாழ்க்கையில் ஒரு துயரம் உண்டு. ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அரசு கொடுத்த வாக்குறுதிகளைத் தன் வாயால் தன் மக்களுக்குச் சொன்னார். அரசு அவற்றைக் காற்றில் விட்டது. 1879-ன் கடுங்குளிரில் அவருடைய மக்கள் வடமேற்கிலிருந்த வாஷிங்டன் பிரதேசத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். பொய் சொன்னவள் என்ற பழி அவர்மீது விழுந்தது. அந்தப் பழியைத் துடைக்கத்தான் ஊர் ஊராக மேடையேறினார், நூலும் எழுதினார். பிறகு நெவாடாவில் குழந்தைகளுக்குப் பையூட் மொழியிலும் ஆங்கிலத்திலும் கற்பித்த ஒரு பள்ளியை நடத்தினார். தாய்மொழியைப் பேசினால் அடிக்கும் பள்ளிகளே இருந்த காலம் அது.

அந்த அடியை அறிந்தவர் யாங்க்டன் டகோட்டா இனத்தின் ஸிட்கலா-ஷா. 'செம்பறவை' என்று பொருள். எட்டு வயதில் 1884-ல் இந்தியானாவில், பூர்வகுடிக் குழந்தைகளை வெள்ளையர் முறைக்கு மாற்ற நடத்திய உறைவிடப் பள்ளி ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய மக்களிடையே கூந்தலை வெட்டுவது துக்கத்துக்கும் கோழைத்தனத்துக்கும் அடையாளம். கட்டிலுக்கடியில் ஒளிந்தவரை இழுத்து, நாற்காலியில் கட்டிவைத்துக் கூந்தலை வெட்டினார்கள். 1900-ல் அதை அவர் ஒரு புகழ்பெற்ற மாத இதழில் எழுதியபோது, அந்தப் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்துவந்த கனவான்கள் முதன்முறையாக ஒரு குழந்தையின் பக்கத்திலிருந்து அவற்றைப் பார்த்தார்கள். பூர்வகுடிகளின் குடியுரிமைக்காக ஓயாமல் உழைத்தார். அந்தச் சட்டம் 1924-ல் வந்தது. தாங்கள் பிறந்த மண்ணில் குடிமக்களாக அவர்கள் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1926-ல் அமெரிக்க இந்தியர் தேசிய சபையைக் கணவரோடு சேர்ந்து நிறுவி, 1938-ல் இறக்கும்வரை அதன் தலைவராக இருந்தார்.

அலாஸ்காவில் பிப்ரவரி 16 யாருடைய நாள்?

க்ளிங்கிட் இனத்தின் எலிசபெத் பெராட்ரோவிச்சின் நாள். 1940-களில் ஜூனோ நகரக் கடைகளில் 'பூர்வகுடிகளுக்கு அனுமதி இல்லை' என்ற பலகைகள் தொங்கின. வாடகைக்கு வீடு தேடிப்போனால் கதவு சாத்தப்பட்டது. எலிசபெத்தும் கணவர் ராயும் ஆளுநருக்குக் கடிதம் எழுதித் தொடங்கிவைத்த போராட்டத்தில், இந்தப் பாகுபாட்டைத் தடைசெய்ய 1943-ல் வந்த மசோதா தோற்றது. 1945-ல் மீண்டும் வந்தபோது ஓர் உறுப்பினர், ஐயாயிரம் ஆண்டு நாகரிகம் கொண்ட எங்களோடு நேற்றுவரை காட்டுமிராண்டிகளாக இருந்தவர்கள் ஒட்டி வாழ விரும்புவதா என்று சபையில் கேட்டார். பார்வையாளர் பகுதியிலிருந்து எழுந்து வந்த எலிசபெத், ஐயாயிரம் ஆண்டு நாகரிகத்தாருக்கு அவர்களுடைய அரசியல் சாசன உரிமைகளை நேற்றைய காட்டுமிராண்டியான நான் நினைவூட்ட வேண்டியிருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்றார். சட்டம் போட்டால் பாகுபாடு ஒழிந்துவிடுமா என்றும் கேட்டார்கள். திருட்டுக்கும் கொலைக்கும் சட்டம் இருப்பதால் அவை நின்றுவிட்டனவா என்று திருப்பிக் கேட்டார். சட்டம் இருந்தால் அது குற்றம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாகவாவது ஆகும் என்றார்.

மேலவையில் 11-க்கு 5 என்ற கணக்கில் மசோதா வென்றது. இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்து அமெரிக்கா முழுவதற்குமான குடிமை உரிமைகள் சட்டம் 1964-ல்தான் வந்தது.

கனடாவில் திருமணம் செய்துகொண்டால் பூர்வகுடி உரிமை போய்விடும் என்பது உண்மையா?

பெண்களுக்கு மட்டும் போனது. 1876-ன் இந்தியர் சட்டப்படி, ஒரு பூர்வகுடிப் பெண் வெளியாரை மணந்தால் பூர்வகுடி என்ற அவருடைய அரசுப் பதிவு நீக்கப்படும். சொந்த ஊரில் குடியிருக்க முடியாது, தாய்வீட்டைச் சொத்தாகப் பெற முடியாது, செத்தால் அந்த மண்ணில் புதைக்கவும் தடை. பூர்வகுடி ஆண் வெளிப்பெண்ணை மணந்தாலோ, வந்த மனைவிக்கும் பூர்வகுடி உரிமை கிடைத்துவிடும்.

கானவாகேயைச் சேர்ந்த மோஹாக் பெண் மேரி டூ-ஆக்ஸ் எர்லி இதை எதிர்த்து 1960-களில் எழுந்தார். இதே காரணத்துக்காக வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லப்பட்ட தோழி ஒருவர், அந்த மனவேதனையிலேயே இறந்ததுதான் அவரை எழுப்பியது. அனிஷினாபே இனத்தின் ஜெனட் கார்பியர் லவெல் வழக்குத் தொடுத்தார். 1973-ல் உச்ச நீதிமன்றம் மயிரிழையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் ஆண்கள் தலைமையிலான பூர்வகுடி அமைப்பே அவருக்கு எதிர்த்தரப்பில் நின்றது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. இந்தப் பெண்கள் அரசோடு மட்டும் போராடவில்லை. சொந்த ஊரில் ஏச்சும் மிரட்டலும் வாங்கிக்கொண்டே போராடினார்கள்.

நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் டோபிக் ஊரைச் சேர்ந்த சாண்ட்ரா லவ்லேஸ், நாட்டுக்குள் நியாயம் கிடைக்காது என்று கண்டு, ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் 1977-ல் முறையிட்டார். 1981-ல் கனடா தவறு செய்திருக்கிறது என்று குழு சொன்னது. 1985-ல் சட்டம் திருத்தப்பட்டு, இழந்த உரிமையை முதலாவதாகத் திரும்பப் பெற்றவர் மேரி டூ-ஆக்ஸ் எர்லி. அப்போது அவருக்கு 73 வயது. அதன் பிறகும் பேரப்பிள்ளைகள் விஷயத்தில் பாகுபாடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஷாரன் மக்ஐவர் என்ற பெண் வழக்கறிஞர் அதை நீதிமன்றம் நீதிமன்றமாக இழுத்து, கடைசியில் ஐ.நா. வரை கொண்டுபோனார். பெண் வழி, ஆண் வழி என்ற வேறுபாட்டை நீக்கும் திருத்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2019-ல்.

அறிவியலிலும் கலையிலும் பெயர்பெற்றவர்கள்?

செரோக்கி இனத்தின் மேரி கோல்டா ராஸ் 1942-ல் லாக்ஹீட் நிறுவனத்தில் சேர்ந்து போர்விமான வடிவமைப்பிலும், பின்னர் அதன் ரகசியப் பிரிவில் ஏவுகணை, விண்கலத் திட்டங்களிலும் பணியாற்றிய பொறியாளர். அவர் செய்ததில் பெரும்பகுதி ராணுவ ரகசியமாகவே இருந்துவிட்டது. ஓசேஜ் இனத்தின் மரியா டால்சீஃப் நியூயார்க் நகர பாலேயின் முதன்மை நடனக் கலைஞர். ரஷ்யப் பெயர் போல 'டால்சீவா' என்று மாற்றிக்கொள்ளச் சொன்னதை மறுத்தவர். சான் இல்டிஃபான்ஸோ ஊரின் மரியா மார்டினெஸ், கணவர் ஹூலியனோடு சேர்ந்து உருவாக்கிய கருமேல் கருமைப் பானைகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இவர்களோடு நவஹோ இனத்தின் ஆனி வானிகாவையும் நான் சேர்ப்பேன். 1951-ல் நவஹோ சபைக்குத் தேர்வானார். காசநோய் அவருடைய மக்களை அரித்துக்கொண்டிருந்தது. மரணம் நிகழ்ந்த வீட்டில் நவஹோக்கள் தங்கமாட்டார்கள். ஆகவே மருத்துவமனை என்றாலே அச்சம். ஆனி வீடு வீடாகப் போனார். 'கிருமி' என்பதற்கு நவஹோ மொழியில் சொல் இல்லாதபோது மருத்துவச் சொற்களுக்கு ஒரு அகராதியே உருவாக்கினார். பாரம்பரிய வைத்தியர்களை எதிரிகளாக்காமல் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். ஒரு நோயை ஒழிக்க மருந்துக்கு முன்னால் சொல் வேண்டும் என்பதை அறிந்திருந்தார். 1963-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

வில்மா மேன்கில்லரை இவ்வளவு கொண்டாடக் காரணம் என்ன?

செரோக்கி தேசத்தின் முதல் பெண் முதன்மைத் தலைவர் என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரியது ஒரு தண்ணீர்க் குழாய்.

ஓக்லஹாமாவில் பெல் என்ற சிற்றூர். வறுமை, பல வீடுகளில் குழாய் கிடையாது. 1980-களின் தொடக்கத்தில் வில்மா அங்கே போய், வெளியாள் வந்து செய்து தருவார் என்று சொல்லவில்லை. பொருள் நாங்கள் தருகிறோம், தோண்டுவது நீங்கள் என்றார். செரோக்கி மொழியில் 'கடுகி' என்று ஒரு சொல் உண்டு. ஊர் கூடி உழைப்பது என்று பொருள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு நீளம் ஒதுக்கினார்கள். பெண்களும் முதியவர்களும் மண்வெட்டி பிடித்தார்கள். பதினாறு மைல் குழாய் பதிக்கப்பட்டது.

அதற்குச் சற்று முன்புதான் கொடிய கார் விபத்தில் சிக்கிப் பல அறுவைச் சிகிச்சைகளைத் தாங்கி, அதன்மேல் தசைகளைத் தளர்த்தும் நோயிலும் விழுந்து எழுந்திருந்தார். 1983-ல் துணைத்தலைவர் பதவிக்கு நின்றபோது கார் டயரைக் கிழித்தார்கள், கொன்றுவிடுவோம் என்று தொலைபேசியில் மிரட்டினார்கள். பெண் தலைமை தாங்குவது செரோக்கி மரபு அல்லவாம்! நான்யேஹியின் மக்களிடம் இப்படிச் சொல்லும் அளவுக்கு ஐரோப்பியப் பாடம் ஊறியிருந்தது. 1985-ல் தலைவரானார், 1987-ல் தேர்தலில் வென்றார், 1991-ல் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வாக்குகள். 1995-ல் உடல்நலக் குறைவால் விலகும்வரை மருத்துவ நிலையங்களையும் குழந்தைகள் பள்ளிகளையும் திறந்துகொண்டே இருந்தார்.

இன்று வாழ்பவர்களில், அண்மையில் மறைந்தவர்களில் யாரைத் தெரிந்துகொள்ளலாம்?

லகூனா பூவெப்லோ இனத்தின் டெப் ஹாலண்ட், 2021-ல் அமெரிக்க உள்துறை அமைச்சரானார். அமைச்சரவைத் துறை ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பூர்வகுடி அவர். பூர்வகுடிகளின் நிலத்தையும் உறைவிடப் பள்ளிகளையும் ஆண்ட துறை அதுதான். அவருடைய தாத்தா பாட்டியும் எட்டு வயதில் பிரிக்கப்பட்டு அந்தப் பள்ளிகளுக்குப் போனவர்கள். அவர் தொடங்கிய விசாரணையின் 2024 அறிக்கை 417 பள்ளிகளை அடையாளம் கண்டு, குறைந்தது 973 குழந்தைகள் அங்கே இறந்ததைப் பதிவுசெய்தது. கனடாவில் இனுவிட் இனத்தின் மேரி சைமன் 2021-ல் தலைமை ஆளுநரானார்.

அனிஷினாபே மூதாட்டி ஜோசஃபின் மண்டாமின் 2003-ல் ஒரு செம்பு வாளியில் நீரை எடுத்துக்கொண்டு சுப்பீரியர் ஏரியைச் சுற்றி நடந்தார். பிறகு ஐந்து பெரிய ஏரிகளையும் சுற்றினார். நீருக்காக வேண்டிக்கொண்டு நடப்பதும், மாசுபடுவதை ஊர் ஊராகச் சொல்வதும்தான் அந்தப் பயணம். 2019-ல் மறைந்தார், அவருடைய வழியில் வந்த உறவுப் பேத்தி ஆட்டம் பெல்டியர் பதின்மூன்று வயதில் ஐ.நா. அவையில் நீரைப் பற்றிப் பேசினார்.

ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் படிக்க நேரம் இருந்தால்?

நான் லைடா கான்லியைச் சொல்வேன்.

வயன்டாட் இனத்தவர். கான்சஸ் மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில், நகரம் வளர்ந்து சூழ்ந்துகொண்ட ஒரு பழைய இடுகாடு. ஏறத்தாழ இரண்டு ஏக்கர். அவருடைய தாய் அங்கேதான் புதைக்கப்பட்டிருந்தார். அது வயன்டாட்களுக்கே உரியது என்று 1855-ன் ஒப்பந்தம் சொல்கிறது. 1906-ல் அதை விற்று, எலும்புகளைத் தோண்டி வேறிடத்துக்கு மாற்ற அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. நகரத்தின் நடுவில் இருந்ததால் மனைக்கு நல்ல விலை.

லைடா, லீனா, ஐடா மூன்று சகோதரிகள். இடுகாட்டுக்குள் ஒரு சிறு குடிசை போட்டு, அத்துமீறுபவர் தம் சொந்தப் பொறுப்பில் வரலாம் என்று பலகை எழுதித் தொங்கவிட்டு, துப்பாக்கியோடு காவல் இருந்தார்கள். ஊர் அதைக் 'கான்லி கோட்டை' என்றது. லைடா முன்பே சட்டம் படித்து 1902-ல் பட்டம் பெற்றிருந்தார். வழக்கைத் தானே எடுத்துக்கொண்டு மேலே மேலே போனார். 1910 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றார். அங்கே வாதாடிய முதல் பூர்வகுடிப் பெண் அவர்.

தோற்றார். அந்த ஒப்பந்தத்தைச் செயல்படுத்தச் சொல்லும் சட்ட உரிமை அவருக்கு இல்லை என்பது தீர்ப்பு. ஆனால் சகோதரிகள் இடுகாட்டைவிட்டு நகரவில்லை. அவர்களுடைய பிடிவாதம் நாடெங்கும் பேச்சானது. விற்பனைக்குக் கொடுத்த அனுமதியை 1913-ல் காங்கிரஸ் திரும்பப் பெற்றது.

லைடா 1946-ல் இறந்தார். தாய் புதைக்கப்பட்ட அதே இடுகாட்டில் அவரையும் புதைத்தார்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, மரநிழலில், அந்த இரண்டு ஏக்கர் இன்றும் அப்படியே இருக்கிறது.